கட்டற்ற மென்பொருள்: சொல் விளக்கம்

கோபி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தின் நோட்டீஸ்: "இலவச மென்பொருள் பயிற்சி. கட்டணம் ரூ. 1500." இலவசம் என்று போட்டுவிட்டு எதற்குக் காசு என்று உள்ளே போய்ச் சண்டைக்கு நின்றவர்களும் உண்டாம். மையத்தார் சொல்ல வந்தது வேறு: ஆவணம் தயாரிக்கும் லிப்ரேஆபீஸ், படம் திருத்தும் கிம்ப், படம் வரையும் இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுத் தருகிறோம் என்பதுதான். மேடையிலும் செய்தியிலும் இந்த 'இலவச மென்பொருளை'க் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது.

சொல்லின் வரலாறு சின்னதுதான். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார், 1985-ல் அதற்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அவர் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்றது நான்கு உரிமைகளை: எந்த வேலைக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்த்து மாற்றலாம், படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். விலையைப் பற்றி இதில் பேச்சே இல்லை. காசுக்கு விற்கவும் தடை கிடையாது.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' இரண்டு பொருளிலும் வரும். அதனால் இது பேச்சுரிமையில் வரும் 'ஃப்ரீ', சும்மா கிடைக்கும் பீரில் வருவது அல்ல என்று ஸ்டால்மன் தரப்பார் ஓயாமல் விளக்க வேண்டியிருக்கிறது. ஓப்பன்ஆபீஸ் என்ற மென்பொருளிலிருந்து 2010-ல் பிரிந்து லிப்ரேஆபீஸைத் தொடங்கியவர்கள், விடுதலையைக் குறிக்கும் 'லிப்ரே' என்ற பிரெஞ்சு, ஸ்பானியச் சொல்லை எடுத்துப் பெயரில் வைத்துக்கொண்டார்கள். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது: காசில்லாததற்கு 'இலவசம்', உரிமைக்குக் 'கட்டற்ற'. நம் மொழியில் இல்லாத குழப்பத்தை மெனக்கெட்டு இறக்குமதி செய்பவர்களை என்ன சொல்ல?

இதில் நிஜமான கேடும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. பழைய கணினியைக் கடைக்குத் தூக்கிப்போனால், "இந்த மிஷின்ல பதினொண்ணு ஏறாதுங்க்ணா, புதுசு வாங்கிக்கோங்க" என்பார்கள். இலவச மென்பொருள் இருக்கிறதாமே என்று கேட்டால், "எல்லாமே ஃப்ரீயா போட்டு உட்டர்றனுங்க" என்று பூட்டுடைத்த திருட்டு நகலை ஏற்றி அனுப்புவார்கள். கடைக்காரர் பார்வையில் அதுவும் இலவசம்தானே? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் மின்ட் பற்றிய பேச்சே வராது. இன்னொரு பக்கம், பிடிஎஃப் படிக்கும் அக்ரோபேட் ரீடர் மாதிரி காசில்லாமல் கிடைத்தாலும் உள்ளே கைவைக்க விடாதவை இருக்கின்றன. 'இலவச மென்பொருள்' என்ற பெயர் அவற்றுக்குத்தான் பொருந்தும்.

சரி, 'கட்டற்ற' என்பதற்கு வருவோம். கட்டு + அற்ற. மாசற்ற, பற்றற்ற போல. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றே சொல்லிக்கொள்கிறது. ஆனாலும் இதைச் சொன்னால் ஒருவர் எழுந்து, "அது தறிகெட்டது என்ற பொருளைத் தருமே" என்பார். பல்லடம், சோமனூர்க்காரர்கள் மன்னிக்க, இது விசைத்தறி அல்ல, மாடு கட்டும் தறி. அந்த மாட்டை வைத்தே பார்க்கலாம். அடங்காமை மாட்டின் குணம். கட்டு இல்லாமை, கழுத்தில் கயிறு இல்லை என்ற நிலை. கட்டுத்தாரையில் அவிழ்த்துவிட்ட பசு சாதுவாக நின்று அசைபோடுவதைப் பார்த்தவர்கள் இரண்டையும் குழப்ப மாட்டார்கள். 'கட்டுப்பாடற்ற' என்று நீட்டி எழுதுபவர்கள்தான் இந்தக் குழப்பத்துக்கு வழி செய்கிறார்கள். அதை நானும் ஏற்கவில்லை.

இன்னும் நுணுக்கமாகக் கேட்பவர்களும் உண்டு: குனு திட்டத்தின் ஜிபிஎல் என்ற உரிமத்தில் நிபந்தனை இருக்கிறதே, பிறகு கட்டு அற்றது எப்படி? நல்ல கேள்விதான். மாற்றி வெளியிடுபவர் நிரலையும், அதாவது மென்பொருளை எழுதிய வரிகளையும், அதே உரிமைகளோடு தர வேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனை. அடுத்தவர் மறுபடி கயிறு போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது.

'சுதந்திர மென்பொருள்' என்பார் சிலர். வடசொல் என்பதற்காக மட்டும் நான் அதைத் தள்ளவில்லை. அதைக் கேட்டால் ஆகஸ்ட் 15-க்கு மிட்டாய் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

'ஓப்பன் சோர்ஸ்' 1998-ல் வந்த பெயர். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் நிரலை வெளியிட முடிவெடுத்த சமயம். கம்பெனிக்காரர்கள் 'ஃப்ரீ' என்றாலே மிரள்கிறார்கள் என்று தேடிப் பிடித்தது. இதை நம்மவர்கள் 'திறந்த மூலம்' ஆக்கினார்கள். ஈரோட்டிலும் கரூரிலும் சுவர் சுவராக 'மூலம், பவுத்திரம்' விளம்பரம் பார்த்து வளர்ந்தவனிடம் திறந்த மூலத்தைப் பரிந்துரைத்தால் அவன் உட்காரவே யோசிப்பான். சுருக்கிய 'திறமூலம்' இன்னும் மோசம். காதில் திறம் என்றல்லவா விழுகிறது? 'திறந்த நிரல்' என்றால் வேலை முடிந்தது. சோர்ஸுக்கு மூலம் என்று அகராதியில் பார்த்ததும் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர்கள் குறைந்துபோனார்கள்.

பயர்பாக்ஸ் உலாவி, லிப்ரேஆபீஸ் இரண்டின் பட்டிகளும் (மெனுக்கள்) தமிழில் கிடைக்கின்றன. நிரல் கையில் இருந்ததால் தன்னார்வலர்கள் தாங்களே உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். அந்த மையத்தார் புது நோட்டீஸ் அடிப்பதானால் 'கட்டற்ற மென்பொருள் பயிற்சி' என்று போட்டுவிட்டு 1500 என்ன, 2000 ரூபாயே கேட்கலாம்.