டயலைக் கடைசியில் பாருங்கள்

பழைய கைக்கடிகாரம் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது டயலைத்தான். அதைக் கடைசியில் பாருங்கள் என்பேன். பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு, புது நிறம் அடித்து, வேண்டிய பெயரை அச்சடித்து விற்பது இந்தியச் சந்தையில் பல காலமாக நடக்கிற வேலை. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வரும் எச்.எம்.டி. ஜனதாக்களில் நிறைய இப்படிப் பிறந்தவைதான். பின்மூடிக்குள் ஓடும் மூவ்மென்ட், அதாவது முள்ளை நகர்த்தும் இயந்திரம், அவ்வளவு எளிதில் வேஷம் போடாது.

மூடியைத் திறந்தால் ஒரு சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிச் சுழன்று துடிப்பது தெரியும். அதுதான் பேலன்ஸ் வீல். சுவிஸ் கடிகாரமாக இருந்தால் அந்தச் சக்கரத்துக்கு அடியிலும் அதை ஒட்டியும், கீழ்த்தகட்டில், லென்ஸ் வைத்துத் தேடுங்கள். விளக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் சின்னக் கேடயம் போன்ற ஒரு குறியும் பக்கத்தில் ஒரு எண்ணும் பல நேரங்களில் கிடைக்கும். ஏ.எஸ். (AS) என்று இருந்தால் மூவ்மென்ட்டைச் செய்தது கிரென்ஷன் ஊரின் ஏ. ஷில்ட், எஃப்.எச்.எஃப். என்றால் ஃபோன்டன்மெலான், அப்புறம் ஈட்டா, யூனிடாஸ். டயலில் இருக்கும் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம், அது தப்பில்லை. அந்தக் காலத்தில் சில நிறுவனங்கள் மூவ்மென்ட் மட்டும் செய்தன, நூற்றுக்கணக்கான பிராண்டுகள் அதை வாங்கி, சக்கரங்களைப் பிடித்திருக்கும், மேலே தெரியும் தகடான பாலத்தில் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டன. செய்தவரின் முத்திரை சக்கரத்தின் நிழலில் ஒதுங்கிவிட்டது. எண் கிடைத்துவிட்டால் காலம், உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிடும்.

மூவ்மென்ட்டிலேயே "17 ஜுவல்ஸ்" என்றும் இருக்கும். இவை அழகுக்கு வைத்த கற்கள் அல்ல, தேய்மானத்தைக் குறைக்கும் செயற்கை மாணிக்கங்கள். சாவி கொடுக்கும் சாதாரணக் கடிகாரத்தில் கணக்கு இப்படி வரும்: பேலன்ஸின் அச்சுக்கு 4, அதோடு சுழலும் உந்துகல் 1, அதைத் தட்டிவிடும் கவையின் இரு நுனிகளுக்கு 2, கவையின் அச்சுக்கு 2, மற்ற நான்கு சக்கரங்களுக்கு இரண்டிரண்டாக 8. ஆக 17. டயல் 21 என்று சொல்லி உள்ளே 17 இருந்தால், டயல் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சீக்கோ, ஏனென்றால் அது தன் பிறந்த மாதத்தையே முதுகில் எழுதி வைத்திருக்கிறது! பின்மூடியில் 6139-6005 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் மூவ்மென்ட், அடுத்த நான்கு கூடு. தனியாக இருக்கும் ஆறு இலக்கத் தொடர் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஆங்கில எழுத்துகள் N, D. 43 என்று தொடங்கினால் நான்கில் முடியும் ஒரு வருடத்தின் மார்ச். 64ஆ, 74ஆ, 84ஆ? அதை மூவ்மென்ட் எண்தான் சொல்ல வேண்டும். 6139 வந்ததே 1969இல், எழுபதுகளோடு அது முடிந்தும்போனது, அதனால் 1974 மார்ச். (விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குக் கட்டிக்கொண்டு போனதும் இந்த 6139தான்.) டயலின் அடியோரத்தில், 6க்குக் கீழே, பொடி எழுத்தில் பெரும்பாலும் அதே மூவ்மென்ட் எண் வரும். அங்கே 6119, மூடியில் 7009 என்றிருந்தால் இரண்டு கடிகாரங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

நம் ஜனதாவிலும் இப்படி ஒரு தடயம் உண்டு. டயலில் "பாராஷாக்" என்று இருக்கும். அது ஜப்பானின் சிட்டிசன் தன் அதிர்ச்சித் தாங்கிக்கு வைத்த பெயர். 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது சிட்டிசனின் கூட்டுறவோடுதான்.

சரி, இப்போது டயலுக்கு வரலாம். அடியில் "ஸ்விஸ்" என்ற சொல்லின் இருபுறமும் T என்ற எழுத்து இருந்தால் ஒளிரும் பூச்சில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டு, ஆகவே அறுபதுகளின் டயல் இன்று இருட்டில் பளிச்சென்று மின்னினால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அதற்கும் முந்தைய டயல்களில் பல, கதிரியக்கம் உள்ள ரேடியம் பூசியவை. அவையும் இன்று ஒளிர்வதில்லை, ஆனால் காரணம் வேறு: ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடுதான் சிதைந்துபோனது, ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு, அது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. உதிரும் தூள் மூச்சில் போனால் உடம்புக்குள் தங்கிவிடும். அப்படிப்பட்ட டயல் என்று சந்தேகம் வந்தால் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள்.