பழைய காரை டிராக் ரேஸுக்குத் தயார்ப்படுத்துகிறீர்களா? எஞ்சினைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

பழைய காரை டிராக் ரேஸுக்கு, அதாவது நின்ற நிலையிலிருந்து கிளம்பி நேர்கோட்டில் ஓடும் கால் மைல் (402 மீட்டர்) ஓட்டத்துக்கு, தயார்ப்படுத்த வருபவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேச்சைத் தொடங்குகிறார்கள். எத்தனை குதிரைத்திறன் கிடைக்கும், எந்தக் கார்புரேட்டர் பொருந்தும் என்று கேட்பவர்களிடம், பிரேக்கைக் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது சிலருக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தை மனத்தில் வைத்துச் செய்த டிரம் பிரேக்குகள், அதே வண்டி 180 கி.மீ. வேகத்தில் எல்லைக்கோட்டைக் கடக்கும்போது மூன்று மடங்குக்கும் அதிகமான இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். போதாக்குறைக்கு, அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் எண்ணெய்ச் சுற்றுதான் இருந்தது என்பதால், எங்காவது ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும் இல்லாத வண்டியில் நான் எஞ்சின் வேலையைத் தொடங்குவதில்லை.

அடுத்தது சேஸி. ஐம்பதுகளைச் சேர்ந்த ஒரு கார், கண்ணாடிபோல் மின்னும் பெயின்டுடனும் புதிதாகக் கட்டிய எஞ்சினுடனும் என்னிடம் வந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, பின் ஸ்பிரிங் மாட்டியிருந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியபோது, அது புட்டியைத் துளைத்துக்கொண்டு துருவுக்குள் இறங்கியது. வண்டி கிளம்பும் நொடியில் சக்கரம் தரும் உந்துதல் அனைத்தும் அந்த இடத்தின் வழியாகத்தான் உடலுக்குச் செல்கிறது. உரிமையாளர் அதுவரை செலவழித்ததில் பெரும்பகுதி பெயின்டுக்குப் போயிருந்தது.

கிளம்பும் நொடியைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. எஞ்சின் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, முதல் கியர் விகிதம் 2.5, பின் ஆக்சில் விகிதம் 4 என்றால், ஆக்சிலுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 4000 நியூட்டன் மீட்டர். சாதாரண டயர் இருந்தவரை அது வழுக்கிச் சுழன்று, ஃபியூஸ் போல மற்ற பாகங்களைக் காப்பாற்றி வந்தது. பள்ளக்கோடுகள் இல்லாத, பிடிப்பு மிகுந்த ஸ்லிக் டயரை மாட்டியவுடன் அந்த ஃபியூஸ் போய்விடுகிறது. அதன்பின் உடைவது ஆக்சிலோ, கியரோ, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் என்னும் இணைப்போதான். முன்பக்கக் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கி எறியக்கூடும். அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு வளையம், முன் கிராஸிலிருந்து 6 அங்குலத்துக்குள், குறைந்தது 2 அங்குல அகலமும் கால் அங்குலத் தடிமனும் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது டிராக் ரேஸ்களை நடத்தும் அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் (NHRA) விதி. இவ்வளவு மலிவான பாதுகாப்பு இந்த விளையாட்டில் வேறில்லை, ஆனாலும் பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எஞ்சினின் பின்முனையில் கிளட்ச்சோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலும் அப்படியே. பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீல் அதிகச் சுற்றில் சிதறினால், துண்டுகள் ஓட்டுநரின் கால்களை நோக்கியே வரும். 1970-இல் அமெரிக்க டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் வண்டியில் டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அதன் பிறகே அவர் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டி, 1971-இல் வென்று காட்டினார். பழைய காரில் எஞ்சினை இடம் மாற்ற வழியில்லை என்பதால், எஃகு ஃபிளைவீலும் கிளட்ச்சைச் சுற்றிய எஃகுக் கவசமும் கட்டாயம் வேண்டும்.

பெட்ரோல் ரப்பர் குழாய்களை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலைத் தாங்கும்படி அந்தப் பழைய குழாய்கள் செய்யப்பட்டவை அல்ல.

முதல் நாளில் நான் முழு ஓட்டம் ஓட விடுவதில்லை. முக்கியமான நட்டுகள் அனைத்தின் மேலும் போல்ட்டோடு சேர்த்து பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, 60 அடி மட்டும் கிளம்பச் சொல்லி, திரும்பவும் தூக்கி நிறுத்திப் பார்ப்பேன். எங்காவது அந்தக் கோடு விலகியிருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது என்று பொருள்; அன்றைக்கு வண்டி மேற்கொண்டு ஓடாது.