சிவப்புக்கு வாங்கிய கண்ணாடி நீலத்தைத் தடுக்காது

லேசர் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் நாளே கேட்பேன்: "குழாய்க்குள் போகிற ஒளி எது, வெளியே வருகிற ஒளி எது?" பெரும்பாலும் பாதிப் பதில்தான் வரும்.

ஒரு சாண்கூட இல்லாத கண்ணாடிக் குழாய். உள்ளே துளி ருபிடியம். 39 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் அது. ஆவி அடர்த்தியாக வேண்டும் என்று 100 டிகிரி வரை சூடாக்குவோம். அதில் 780, 776 நானோமீட்டர் லேசர்கள் இரண்டையும் சேர்த்து விட்டால் ருபிடியம் அணு ஆற்றலில் இரண்டு படி ஏறி, வேறு வழியாக இறங்குகிறது. இறங்கும் வழியில் 5.23 மைக்ரோமீட்டரில் அகச்சிவப்பும் 420 நானோமீட்டரில் நீலமும் பிறக்கின்றன. லேசரின் அலைநீளத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே வரும்போது, சரியான இடத்தில் குழாய்க்குள் நீலக்கோடு பளிச்சென்று விழும். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் எனக்கு அது அலுக்கவில்லை.

பக்கவாட்டில் தெரியும் அந்த நீலம் எல்லாத் திசையிலும் சிதறும் ஒளிர்வு, பயமில்லை. கவனிக்க வேண்டியது மறுமுனையில் நேராக வெளியேறும் கற்றையை. 2010-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இப்படி 1.1 மில்லிவாட் நீலம் எடுத்துக் காட்டினார்கள். கண் சிமிட்டினால் தப்பலாம் என்று கருதப்படும் வகுப்பு 2 லேசரின் வரம்பே 1 மில்லிவாட்தான்.

ஒருமுறை மாணவர் ஒருவர் குழாய்க்குப் பின்னால் வடிகட்டியைச் சரிசெய்தார். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதன் காம்பில் '780–850, ஓ.டி. 5' என்று இருந்தது. அதாவது, அந்த அலைநீளங்களை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கண்ணாடி. விரல் மோதிரத்தில் கற்றை பட்டு, சுவரில் நீலப் புள்ளி ஓடியது. "சார், நல்லாத் தெரியுதே!" என்றார். தெரிந்ததுதான் பிரச்சினை. 420-க்கு அந்தக் கண்ணாடி வெறும் ஜன்னல்.

780-இன் ஏமாற்று வேறு மாதிரி. வெள்ளை அட்டையில் மங்கிய சிவப்பாகத் தெரியும். மங்கலாக இருப்பதால் கண் சிமிட்டாது, ஆனால் வரும் சக்தியில் பெரும்பகுதி விழித்திரையில் குவியும். 5.23 மைக்ரோமீட்டர் சாதாரணக் குழாயின் கண்ணாடியிலேயே நின்றுவிடும். நீலக்கல் ஜன்னல் போட்ட குழாய் என்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது மேசையில் ஒட்டியிருக்கும் அட்டையில் நான்கு அலைநீளங்களும் இருக்கின்றன. கண்ணாடி வாங்கும்போது நான்கையும் ஒப்பிட்டுத்தான் வாங்குகிறோம். வாசலருகே ஒரு டப்பா வைத்திருக்கிறோம். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாம் முதலில் அதில்.