சிக்னலில் நடுங்கும் கார்: மவுண்டிங்கை மாற்றுவதற்கு முன்னால்

போன மழைக்காலத்தில் ஒருவர் ஏழு வருடப் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்குகிறதாம், உள்கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நிற்கும் பஸ்ஸே மங்கலாகத் தெரிகிறதாம். வேறோர் இடத்தில் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் மூன்றையும் மாற்றியிருக்கிறார்கள், ஆட்டம் மட்டும் போகவில்லை. கழற்றிய பழைய மவுண்டிங்குகள் டிக்கியில் கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். ரப்பரில் ஒரு வெடிப்பு கூட இல்லை.

ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, ஆட்டம் என்றாலே மவுண்டிங் என்பது எங்கள் தொழிலில் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும், அதனால்தான் பழக்கம் போகவில்லை. ஆனால் ஆடுவது என்ஜினா, அல்லது என்ஜினின் வழக்கமான அதிர்வை வண்டி மறைக்கத் தவறுகிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். ஐடிலிங் 800 ஆர்பிஎம் என்றால் மொத்தம் நிமிடத்துக்கு 1,600 முறை, நொடிக்கு 26, 27. அவ்வளவு வேகமான அதிர்வை மவுண்டிங் ரப்பர் பெரும்பாலும் தனக்குள் வாங்கிக்கொள்ளும். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் நொடிக்கு ஆறேழு முறை ஓர் இடறல் வரும். அந்த மெதுவான உலுக்கலைப் புது மவுண்டிங்காலும் மறைக்க முடியாது.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. என்ஜின் சூடான பிறகு ஏசியை அணைத்து, ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நிற்க, சீட் மட்டும் நடுங்கினால் மவுண்டிங் மீது சந்தேகப்படலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை அழுத்தியபடி டி-யில் போட்டால் நடுக்கம் கூடி, என்-னுக்கு வந்தால் குறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். முள் தள்ளாடினால், சைலன்சர் வாயில் சத்தம் சீராக வராமல் விட்டுவிட்டு வந்தால், அது மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை.

மிஸ்ஸிங் என்றதும் நான்கு பிளக், நான்கு காயில் (பிளக்குக்கு மின்சாரத்தை ஏற்றித் தருவது) என்று பில் போடத் தேவையில்லை. ஸ்கேனரில் பி0302 என்ற கோடு (பிழைக் குறியீடு) வந்தால் கோளாறு இரண்டாவது சிலிண்டரில். பிளக்குக்கு ஒரு காயில் வைத்த வண்டியென்றால், என்ஜினை அணைத்துவிட்டு இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்து ஓட்டிப் பார்க்கலாம். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையா, பிளக்கைப் பாருங்கள், அப்புறம் இன்ஜெக்டர், அதன் பிறகு கம்ப்ரஷன். கேஸில் ஓடும் வண்டியென்றால் நான் வால்வு கிளியரன்ஸையும் (வால்வு இடைவெளி) சேர்த்துப் பார்ப்பேன்.

வாட்டர் வாஷ் முடிந்த மறுநாளே இந்தத் தொல்லையோடு வருபவர்களும் உண்டு. என்ஜின் மேல் வேகமாகத் தண்ணீர் அடிக்கும்போது பிளக் குழிக்குள் நீர் இறங்கிவிடுகிறது. குழியைக் காற்றடித்துக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குழியில் ஆயில் நின்றால் வேறு கதை, வால்வு கவர் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் அந்த வண்டியை விரட்டி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். உள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம் வகை உலோகங்கள். விலையைக் கேட்டால் காயில் விலை ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

சரி, அந்த ஏழு வருட வண்டிக்கு வருவோம். மிஸ்ஸிங் கோடு எதுவும் இல்லை. ஆனால் ஐடிலிங்கில் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் அந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடுகிறது. எங்கோ கள்ளக்காற்று புகுகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் சென்சார் அளக்காத காற்று கலந்தால் கலவை கெட்டுவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்ளே போகும் காற்று பெருகி, ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். டார்ச் அடித்துத் தேடினோம். இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், என்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி ஹோஸில் எலி கடித்த ஓட்டை, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. ஹோஸை மாற்றினோம், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும், கரி படிந்திருந்த த்ராட்டில் பாடியைத் துடைத்தோம். முள் 750-இல் நின்றது.

மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த வகை என்ஜின் இயல்பிலேயே கொஞ்சம் கூடுதலாக அதிரும், ஏசி கம்ப்ரஸர் சேரும்போது அது நன்றாகவே தெரியும். செலவு செய்யும் முன் அதே மாடலில் தெரிந்தவர் வண்டி இருந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அதைவிட உங்கள் வண்டி அதிகம் ஆடினால் கொண்டுவாருங்கள். வரும்போது ஆட்டம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருகிறதா, சூடான பிறகா, ஏசி போட்டால் மட்டுமா, போன வாரம் யாராவது என்ஜினில் கை வைத்தார்களா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.