ஜெர்மனி மின் பில்லிலிருந்து காணாமல் போன 6.88 சென்ட்

ஜெர்மனியில் வீட்டு மின் பில்லில் 2022 ஜூன் வரை ‘ஈஈஜி உம்லாகே’ என்று ஒரு தொகை தனியாக இருக்கும். சூரிய ஒளி, காற்று, சாண எரிவாயு போன்றவற்றிலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுக்கு அரசு உறுதியளித்த விலையைக் கொடுப்பதற்காக, ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாங்கிய கூடுதல் கட்டணம் அது. 2017-ல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் என்று உச்சத்தைத் தொட்டது. 2022 ஜூலை 1 முதல் பூஜ்யம். மானியத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தவில்லை. வேறு பையிலிருந்து கொடுக்கிறார்கள்.

திட்டம் 2000-ல் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தில் தொடங்குகிறது. உங்கள் கூரையில் சோலார் பேனல் போட்டால், அந்த மின்சாரத்தை மின்வலை நிறுவனம் முன்னுரிமை கொடுத்து வாங்கியே ஆகவேண்டும். விலை 20 ஆண்டுக்கு மாறாது. 2004-ல் சிறிய கூரை ஒன்றுக்கு அந்த விலை யூனிட்டுக்கு 57.4 சென்ட். சந்தையில் அதே மின்சாரம் அதில் சிறு பங்கு விலைக்குத்தான் போகும். கொடுத்த விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவே விழும் பள்ளத்தை மின்சாரம் வாங்குபவர்கள் எல்லோருமாக நிரப்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கீடு தேவைப்படாததால் அரசியல்வாதிகளுக்கு இது வசதியாகவே இருந்தது. 2004-ல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூர்கன் திரிட்டின், ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு யூரோதான் ஆகும், ஒரு கரண்டி ஐஸ்கிரீம் விலை என்றார்.

இனி 2017-ன் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 3,500 யூனிட் எரிக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 6.88 சென்ட்டால் பெருக்கினால் 240 யூரோ 80 சென்ட். கட்டணத்தின் மீதும் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. அதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 287 யூரோ. மாதத்துக்கு 24 யூரோ ஆகிறது. மானியத்துக்காக வாங்கும் பணத்துக்கே வரி போட்டார்கள் என்பதை அங்கே பலரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐஸ்கிரீம் கணக்கு தவறியதற்கு முக்கியக் காரணம் 2010 முதல் 2012 வரையிலான மூன்று ஆண்டுகள். சீனப் பேனல்களின் விலை மளமளவென்று சரிந்தது. உறுதி விலையை அரசு அந்த வேகத்தில் குறைக்கவில்லை. ஆண்டுக்கு 7,000 மெகாவாட்டுக்கு மேல் கூரைகளிலும் வயல்களிலும் ஏறின. ஒவ்வொன்றுக்கும் 20 ஆண்டு ஒப்பந்தம். 2010-ல் 2.05 சென்ட்டாக இருந்த கூடுதல் கட்டணம் 2014-ல் 6.24 சென்ட் ஆனது இப்படித்தான். இன்று புதிதாகச் சிறிய கூரை போடுபவருக்குக் கிடைப்பது சுமார் 8 சென்ட்தான். அதனால் இன்றைய சோலார் விலை உயர்ந்தது என்று சொல்வது சரியல்ல. சுமையில் பெரும்பகுதி பழைய ஒப்பந்தங்களுடையது.

இதில் குழப்பும் இடம் ஒன்று உண்டு. காற்றும் வெயிலும் நிறைய இருக்கும்போது சந்தையில் மின்சார விலை இறங்கும். விலை இறங்கினால் பள்ளம் ஆழமாகும், கூடுதல் கட்டணம் ஏறும். 2020-ல் கொரோனா முடக்கத்தில் சந்தை விலை படுத்துவிட, 2021-க்கான கட்டணம் 9.65 சென்ட்டாக ஏறியிருக்க வேண்டியது. அரசு பட்ஜெட்டிலிருந்து பணம் போட்டு 6.5 சென்ட்டில் நிறுத்தியது. அடுத்து எரிவாயு நெருக்கடியில் சந்தை விலை எகிற, பள்ளம் சுருங்கி, 2022 தொடக்கத்தில் 3.72 சென்ட்டுக்கு இறங்கியது. கட்டணம் குறைந்த அதே நேரத்தில் பில் கூடியது! ஆகவே இந்த ஒரு கட்டணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘பசுமை மின்சாரத்தின் விலை இவ்வளவு’ என்று சொல்பவரை, ஆதரவாளரானாலும் எதிர்ப்பாளரானாலும், நான் நம்பமாட்டேன்.

எவ்வளவு என்பதைவிட யார் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. உருக்கு, அலுமினியம், ரசாயனம் போல மின்சாரத்தை விழுங்கும் ஆலைகளுக்குக் கட்டணத்தில் பெரும் சலுகை. இல்லையென்றால் ஆலை வெளிநாட்டுக்குப் போய்விடும் என்பது வாதம். அவர்கள் கொடுக்காததை மற்றவர்கள் சுமந்தார்கள். சொந்த வீடும் கூரையும் உள்ளவருக்கு உறுதி விலை வருமானமாக வந்தது. ஜெர்மனியில் பாதிப் பேருக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களுக்குக் கூரை கிடையாது, பில் மட்டும் உண்டு.

2022-ல் கட்டணத்தை எடுத்தபோது, குறைந்த தொகையை வாடிக்கையாளருக்கு அப்படியே கொடுத்தாக வேண்டும் என்று மின் நிறுவனங்களுக்குச் சட்டமே போட்டார்கள். மேலே சொன்ன குடும்பத்துக்கு இது ஆண்டுக்கு 155 யூரோ அளவுக்கு மிச்சம். உறுதி விலைப் பாக்கி இப்போது கூட்டாட்சி அரசின் நிதியிலிருந்து போகிறது. 2024-ல் மட்டும் 18 பில்லியன் யூரோவைத் தாண்டியது. வரி கட்டும் திறனுக்கேற்பச் சுமை பிரிவதால் ஏழை வாடகைதாரருக்கு இது மேல். ஆனால் பில்லில் கண்ணெதிரே இருந்த எண் பட்ஜெட் புத்தகத்துக்குள் போய்விட்டது.

பில்லில் இன்னும் மிச்சமிருப்பவை உண்டு. 2025-க்கு, கடலில் நிற்கும் காற்றாலைகளை வலையோடு இணைக்கும் செலவுக்கு யூனிட்டுக்கு 0.816 சென்ட். வலைக் கட்டணச் சலுகைகளை ஈடுகட்ட 1.558 சென்ட், இதில் ஒரு பகுதி புதியது. பிராண்டன்பர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் போன்ற காற்றாலை மாநிலங்களில் வலையை விரிவாக்கும் செலவை முன்பு அந்த ஊர்க்காரர்களே சுமந்தார்கள். பக்கத்தில் காற்றாலை சுற்றுகிறது, பில் மட்டும் மற்ற ஊரைவிட அதிகம் என்று முணுமுணுத்தார்கள். 2025 முதல் அதை நாடு முழுதும் பங்கிடுகிறார்கள். மியூனிக்கில் இருப்பவர் பில்லில் இந்தக் கட்டணம் கூடியதற்கு அது ஒரு காரணம்.

மதிய வெயிலில் மின்சாரம் மிஞ்சி, சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் நேரங்களும் பெருகிவிட்டன. 2024-ல் அப்படி 457 மணிநேரம். வாங்குபவருக்கே பணம் கொடுத்து மின்சாரத்தைத் தள்ளிவிடும் அந்த நேரத்திலும் பழைய கூரைகளுக்கு உறுதி விலை போய்க்கொண்டிருக்கிறது. 2025 பிப்ரவரி இறுதியில் வந்த திருத்தம் புதிய நிலையங்களுக்கு அந்த நேரங்களில் பணம் கிடையாது என்கிறது. பழையவற்றைத் தொடவில்லை. 2010 முதல் 2012 வரை ஏறிய கூரைகளின் ஒப்பந்தங்கள் முடிவது 2030 முதல் 2032 வரை. அதுவரை அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.