கராஜ் பங்க்: சொல் விளக்கம்

மூன்று கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும் என்ற துணிச்சலில், கிட்டாரைக் கரகரக்க விட்டு, தொண்டை கிழியக் கத்திப் பாடும் முரட்டு ராக் இசைக்குக் கராஜ் பங்க் என்று பெயர். 1960களில் அமெரிக்கப் பள்ளிப் பையன்களிடம் பிறந்தது.

கராஜ் என்பது ஒதுக்கிப் பத்திரமாக நிறுத்துவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியதும் ஊருக்கு ஊர் பையன்கள் குழு சேர்த்தார்கள். ஒத்திகைக்கு வீட்டில் கிடைத்த இடம் கார் நிறுத்தும் கொட்டில்தான்.

பங்க் பழைய வசைச்சொல். ஷேக்ஸ்பியர் காலத்தில் விலைமகளைக் குறித்தது. பிறகு அமெரிக்காவில் ரவுடிப்பயல், உதவாக்கரை என்று பொருள் மாறியது.

அந்தப் பையன்கள் யாரும் தங்கள் இசையை இப்படி அழைக்கவில்லை. கல்லூரி, வேலை, வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பு என்று குழுக்கள் கலைந்த பிறகுதான் பெயர் வந்தது. 1971இல் ‘கிரீம்’ என்ற அமெரிக்க ராக் இதழில் விமர்சகர் டேவ் மார்ஷ் ‘பங்க் ராக்’ என்று எழுதினார். 1972இல் இசை எழுத்தாளரும் கிட்டார் கலைஞருமான லென்னி கே, மறக்கப்பட்ட பாடல்களை ‘நக்கெட்ஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டாகத் தொகுத்து, அதன் குறிப்பிலும் அதே சொல்லை ஆண்டார். 1966இல் தானும் ஓர் இசைத்தட்டு வெளியிட்டவர் அவர். ஆக, அடங்காத இளமையை நினைத்து ஏங்கியவர்கள் இட்ட பெயர் இது. பிரிட்டனின் புகழ்பெற்ற பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் வந்தது அதற்குப் பின்னரே.

எதற்காக ஏங்கினார்கள் என்பது புரிய, 1963இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கிங்ஸ்மென் குழு பதிவுசெய்த ‘லூயி லூயி’யைக் கேட்க வேண்டும். கிட்டார் தனி முடிந்ததும் பாடகர் ஜாக் இலி அவசரப்பட்டு முன்கூட்டியே பாட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்துகிறார். டிரம்மர் ஓர் உருட்டு உருட்டிச் சமாளிக்க, மறுபடி சேர்ந்துகொள்கிறார். அந்தப் பிசகு அப்படியே இசைத்தட்டில் ஏறியது! வரிகள் ஆபாசமோ என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. விசாரித்து, ஒன்றும் புரியவில்லை என்று கைவிட்டது. பிழையோடு பாடும் அந்தத் தைரியம்தான் இந்த இசையின் உயிர் என்பேன்.

தமிழில்? ‘கலக இசை’ என்றால் அரசியல் வாடை வந்துவிடும். இவர்கள் பாடியதோ பெரும்பாலும் கைவிட்டுப் போன காதலியைப் பற்றி. ‘தறுதலை’ வசைக்குப் பொருந்தினாலும் இசைக்குப் பெயராக ஒட்டாது. பெரியவர்கள் திட்டவும் செய்து, உள்ளூர ரசிக்கவும் செய்யும் குணத்துக்கு நம்மிடம் ‘துடுக்கு’ இருக்கிறது. ‘கொட்டகை’ நாடகத்தையும் சினிமாவையும் நினைவூட்டும். இலங்கையில் ‘கராஜ்’ என்றாலே வாகனம் பழுதுபார்க்கும் இடம். எனவே, ‘கொட்டில் துடுக்கிசை’ என் பரிந்துரை.

பிரிட்டனில் ‘கராஜ்’ எனப்படும் மின்னணு நடன இசைக்கு இது பொருந்தாது. அந்தப் பெயர் நியூயார்க்கின் ‘பாரடைஸ் கராஜ்’ நடனக் கூடத்தின் வழி வந்தது.