ஹீமோபிலியா இருந்தால் பல் பிடுங்கப் போகும் முன்: மும்பைத் தமிழர்களுக்கு

ஹீமோபிலியா, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் என்ற புரதம் குறைவாக இருக்கும் நோய், உள்ள தாராவித் தம்பி ஒருவனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க இரண்டு மாதம் ஆனது. பல் வேலை அரை மணி நேரம்தான், மீதி எல்லாம் நடை. பல் பிரிவில் "ரத்தப் பிரிவு டாக்டர் எழுதித் தந்தால்தான் தேதி" என்றார்கள், ரத்தப் பிரிவில் "தேதி இல்லாமல் ஃபேக்டர் எழுத முடியாது" என்றார்கள், இரண்டு கவுன்ட்டரிலும் "உத்யா யா" (நாளை வாருங்கள்). கூடவே அலைந்ததால் சொல்கிறேன்: பல் பிரிவிலேயே கேஸ் பேப்பரில் எந்தப் பல், மரத்துப்போக என்ன ஊசி, உத்தேச தேதி என்ன என்று எழுதி வாங்கிவிடுங்கள். உத்தேசம் போதும், அதை வைத்து ஃபேக்டர் அளவு எழுதச் சொல்லலாம்.

தேதி வெள்ளிக்கிழமை வேண்டாம். பிடுங்கியபோது நின்ற ரத்தம் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி வரலாம், ஞாயிறு ஓபிடி பூட்டியிருக்கும். ஹீமோபிலியா ஏ-வுக்குப் போடும் ஃபேக்டர் எட்டு 8 முதல் 12 மணி நேரத்தில் பாதி குறைந்துவிடும். காலையில் ஃபேக்டர் ஊசி போட்டுவிட்டு மாலை வரை வரிசையில் உட்கார வைத்தால் சும்மா இருக்காதீர்கள். ஃபேக்டர் ஏற்றாமல் கீழ்த்தாடை நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட விடவே கூடாது, தொண்டைப் பக்கம் ரத்தம் கட்டி மூச்சை அடைக்கலாம்.

சரி, அட்டை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியா உண்டு, யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கலாம். ஆதாரில் திருநெல்வேலி முகவரி என்றால் "ஊரில் போய் எடு" என்பார்கள். சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம் என்று விதியே சொல்கிறது, விண்ணப்பத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. பிடி, சிடி (ரத்தம் நிற்கும் நேரம், உறையும் நேரம்) டெஸ்ட் ரிப்போர்ட்டை நம்பிப் போகாதீர்கள், லேசான ஹீமோபிலியாவில் அது நார்மல் என்றே காட்டலாம். ஃபேக்டர் அளவு ரிப்போர்ட் வேண்டும். பரேல் கேஇஎம் வளாகத்தில் இருக்கும் ஐசிஎம்ஆர் ரத்த ஆய்வு நிறுவனத்தில் அந்த டெஸ்ட் செய்கிறார்கள். ஊனத்தின் அளவை 40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டால் அட்டை இருந்தும் பெரும்பாலான சலுகை கிடையாது. அரசு வேலை நிச்சயம் என்று காசு கேட்கும் ஏஜெண்டை அண்டவிடாதீர்கள், அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஹீமோபிலியாவே இல்லை. உயர்கல்வியில் 5 சதவீதம் உண்டு, அதுவும் 40 எட்டினால்தான்.

இம்பிளாண்ட் கேட்பவர்களுக்கு: ஃபேக்டர் இலவசமாகக் கிடைத்தாலும் எலும்பில் வைக்கும் திருகுக்கும் அதன் மேல் பொருத்தும் பல்லுக்கும் அரசுக் காப்பீடு தரும் என்று எண்ணி ஆரம்பிக்காதீர்கள். எலும்பைத் துளைக்கும் வேலை அது, பிடுங்குவதைவிட ஃபேக்டர் அதிகம் பிடிக்கலாம். கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள்.

வெளியே வரும்போது மருந்துச் சீட்டைப் படியுங்கள். வலிக்கு ஆஸ்பிரினோ ஐப்யூபுரோஃபெனோ எழுதியிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்து பாரசிட்டமால் என்று மாற்றி வாங்குங்கள்.